உம்மா மீது நாம் போட்ட பழியும் ஒரு கோட்டு மீனும்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. இதயத்தில் துவாரம் என்று டொக்டர் சொன்னார். பிள்ளையைப் பார்க்கப் போன நாமெல்லாம் முதலில் என்ன செய்தோம் தெரியுமா? உம்மாவை உட்கார வைத்து விசாரணை நடத்தினோம். கிரகண நேரம் வெளியே போனாயா? அன்னாசி சாப்பிட்டாயா? தையல் மெஷின் மிதித்தாயா? பாரம் தூக்கினாயா? வாப்பாவிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதை எழுதும் நாமும் அந்தக் கூட்டத்தில் இருந்து தேநீர் குடித்து, எதுவும் பேசாமல் எழும்பி வந்தவர்கள்தான்.

அந்தப் பிள்ளை சத்திரசிகிச்சை முடிந்து இன்று நன்றாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதன் மூத்த சகோதரி இப்போது எங்களிடம் உயிரியல் படிக்கிறாள். பரம்பரையலகு பாடம் முடிந்த அன்று எல்லோரும் போன பிறகு நின்று கேட்டாள்: "ஸேர், உம்மா அப்படி என்ன பிழை செஞ்சாங்க?"

அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடியபோது கிடைத்த வரலாறுதான் இது. இதில் ஒரு மீன் வருகிறது. அலங்கார மீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், உடம்பில் நீலக் கோடு ஓடும் சின்ன மீன். ஸீப்ரா மீன் என்போம்.

இந்த மீன் நம் பக்கத்து நாடுகளைச் சேர்ந்தது. இந்தியா, பங்களாதேஷ், நேபாளம் ஆகிய நாடுகளின் ஓடைகளிலும் வயல் நீரிலும் வாழ்வது. கிழக்கிந்தியக் கம்பனியில் பணியாற்றிய ஸ்கொட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் ஹமில்டன், கங்கையின் மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் இதை முதன்முதலாக விபரித்தார். அதன் பிறகு நூறு வருடங்களுக்கு மேல் வீட்டுத் தொட்டிகளில் அழகுக்கு வளர்த்ததே இதற்குக் கிடைத்த பெரிய மரியாதை.

இப்போது ஒரு கேள்வி. நம் கண்ணில் உள்ள கலத்திலும் இதயத்தில் உள்ள கலத்திலும் இருக்கும் டி.என்.ஏ ஒன்றுதான். ஒரே சமையல் புத்தகம் ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதைப் போல. பிறகு ஏன் ஒரு வீட்டில் புரியாணியும் இன்னொரு வீட்டில் கஞ்சியும் வேகிறது? எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

இதற்கு முதலில் விடை தந்தவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மொனோ ஆகிய இருவர். 1961இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு நம் குடலில் வாழும் ஒரு பக்டீரியாவைப் பற்றியது. பால் வெல்லம் இல்லாத நேரம் ஒரு புரதம் டி.என்.ஏ மீது போய் உட்கார்ந்து, அந்த வெல்லத்தைச் செரிக்கும் பரம்பரையலகுகளை அணைத்து வைக்கிறது. வெல்லம் வந்தால் அது எழும்பி விடுகிறது, வேலை தொடங்குகிறது. பரம்பரையலகுக்கு சுவிட்ச் உண்டு, அதைத் தட்டுவதும் இன்னொரு பரம்பரையலகு உண்டாக்கிய புரதம் என்பது அன்று தெளிவானது. 1965இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பக்டீரியா ஒரே ஒரு கலம். முதுகெலும்புள்ள உயிர் ஒன்று முட்டைக்குள் உருவாகும்போது எந்த சுவிட்ச் எப்போது தட்டப்படுகிறது? இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டவர் ஜோர்ஜ் ஸ்டிரைசிங்கர்.

அவர் 1927இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். நாசிகளின் கொடுமைக்குப் பயந்து சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போன யூத அகதி. வைரசுகளின் பரம்பரையை ஆராய்ந்து பேர் வாங்கிய பின், ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி திடீரென மீன் வளர்க்கத் தொடங்கினார். மீன் வளர்ப்பது அவருக்குப் பழைய பொழுதுபோக்கு. செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய ஸீப்ரா மீனில்தான் ஆய்வு ஆரம்பமானது.

ஏன் இந்த மீன்? இதன் முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. முளையம் கண்ணாடி போலத் தெளிவு. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் ஒவ்வொரு கலப்பிரிவையும் உயிரோடு பார்க்கலாம். ஒரு சோடி மீன் கிழமைக்குக் கிழமை நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வளர்வதற்கு வேண்டிய வெப்பநிலை 28.5 பாகை, நம் ஊர்க் காலநிலைதான்.

சுமார் பத்து வருடங்கள் அவர் பெரிதாக ஒன்றும் வெளியிடவில்லை. 1981இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த கட்டுரைதான் இந்த மீனை உலகத்துக்கு அறிமுகம் செய்தது. மூன்று வருடங்களில், 1984இல், கடலில் சுழியோடும்போது காலமானார். அவர் விட்டுச் சென்ற வேலையை அதே பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் கிம்மல் போன்றோர் தொடர்ந்தார்கள்.

அடுத்தவர் ஜேர்மனியின் கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்ட். பழ ஈயின் முளையத்தில் எந்தப் பரம்பரையலகு உடலின் எந்தப் பகுதியை வகுக்கிறது என்று எரிக் வீஷவுஸுடன் சேர்ந்து 1980இல் காட்டியவர்; அதற்காக 1995இல் நோபல் பரிசு பெற்றவர். ஈயில் கண்டது முதுகெலும்புள்ள உயிருக்கும் பொருந்துமா என்று பார்க்க, டூபிங்கன் நகரில் ஆயிரக்கணக்கான தொட்டிகளுடன் ஒரு மீன் வீடே கட்டினார். அவரிடம் பயின்ற வூல்ஃப்காங் ட்ரீவர் பொஸ்டனில் இன்னொன்று தொடங்கினார்.

ஆண் மீன்களை ஓர் இரசாயனத்தில் விட்டு, விந்தில் விகாரங்களை உண்டாக்கினார்கள். பிறகு மூன்று தலைமுறைகள் இனம்பெருக்கி, எந்த முளையத்தில் என்ன குறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கண் இல்லாதது, தாடை இல்லாதது, இரத்தம் இல்லாதது, இதயம் துடிக்காதது என்று ஆயிரக்கணக்கான விகாரங்கள். 1996 டிசம்பரில் 'டெவலப்மென்ட்' சஞ்சிகையின் ஓர் இதழ் முழுவதும், 37 கட்டுரைகள், இதற்கென்றே வெளிவந்தது. உடல் உருவாவதில் பங்குள்ள 400க்கும் மேற்பட்ட பரம்பரையலகுகள் இனங்காணப்பட்டன.

முட்டைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். கருக்கட்டி முக்கால் மணித்தியாலத்தில் முதல் பிரிவு. பிறகு பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு நான்காக, நான்கு எட்டாக. ஆச்சரியம் என்னவென்றால், இந்த நேரத்தில் முளையத்தின் சொந்தப் பரம்பரையலகுகள் பெரும்பாலும் அணைந்தே கிடக்கின்றன. தாய் மீன் முட்டைக்குள் முன்கூட்டியே வைத்த ஆர்.என்.ஏ கட்டளைகளும் புரதங்களும்தான் வேலையை நடத்துகின்றன. தூரப் பயணம் போகும் பிள்ளைக்கு உம்மா கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டுப் பார்சல் போல.

ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்தில், பத்தாவது பிரிவை ஒட்டி, நிலைமை மாறுகிறது. கலங்களின் எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கும்போது முளையம் தன் சொந்த விளக்குகளை ஏற்றத் தொடங்குகிறது. 1993இல் டொனால்ட் கேனும் கிம்மலும் இதை விபரித்தார்கள். அந்த முதல் சுவிட்சுகளைத் தட்டுவது யார் என்பது 2013இல் தெரிந்தது: நானொக், சொக்ஸ், பூ ஆகிய மூன்று வகைப் புரதங்கள். அவையும் உம்மாவின் பார்சலில் வந்தவைதான்! எழும்பிய பிள்ளை செய்யும் முதல் வேலைகளில் ஒன்று பழைய கட்டளைகளைத் துப்புரவு செய்வது. முளையம் தானே உண்டாக்கும் ஒரு நுண் ஆர்.என்.ஏ இதற்கு உதவுகிறது என்று 2006இல் காட்டப்பட்டது. மனித முளையத்தில் இந்தக் கைமாற்றம் நான்கு முதல் எட்டுக் கலப் பருவத்தில் நடக்கிறது. அப்போது தான் கர்ப்பிணி என்பதே எந்த உம்மாவுக்கும் தெரியாது.

இனி நம் மாணவியின் கேள்விக்கு வருவோம்.

1960இல் ஹோல்ட், ஓரம் என்ற இரு பிரித்தானிய மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். நான்கு தலைமுறைகளாக அந்தக் குடும்பத்தில் சிலருக்கு இதயத்தில் துவாரம்; கூடவே கையில், பெருவிரலில் குறை. இதயத்துக்கும் பெருவிரலுக்கும் என்ன சம்பந்தம்? 1997இல் விடை கிடைத்தது. ரீ.பி.எக்ஸ்.5 என்ற ஒரே பரம்பரையலகு. அது உண்டாக்கும் புரதம் டி.என்.ஏயில் போய் உட்கார்ந்து வேறு பரம்பரையலகுகளின் சுவிட்சைத் தட்டும் புரதம். இதயத்திலும் கையிலும் அதற்கு வேலை இருக்கிறது.

2002இல் பொஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு விகார மீனை விபரித்தார்கள். அதன் இதயம் ஒழுங்காக வளையாமல் நூல் போல இழுபட்டுப் போனது. நம் கைக்குச் சமமான முன் துடுப்பும் அதற்கு இல்லை. தேடிப் பார்த்தால் அதே பரம்பரையலகு! மீனின் இதயத்தில் இரண்டே அறைகள், நமக்கு இருப்பது போன்ற நடுச்சுவர் இல்லை. ஆகவே துவாரத்தை அதில் பார்க்க முடியாது. ஆனால் அதே சுவிட்ச் பிழைத்தால் அதே இரண்டு இடங்களும் பாதிக்கப்படுவதைப் பார்க்க முடிந்தது. இதயம் ஓடாவிட்டாலும் மீன் முளையம் சில நாட்களுக்குத் தண்ணீரிலிருந்தே ஒட்சிசன் பெற்று உயிரோடு இருக்கும் என்பதால்தான் இதெல்லாம் சாத்தியமானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனிதரில் இந்தப் பரம்பரையலகின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும். புரதம் இருக்கிறது, ஆனால் அளவு பாதி. அந்தப் பாதி போதாது. அந்தப் பழுதான பிரதி உம்மாவிடமிருந்தும் வரலாம், வாப்பாவிடமிருந்தும் வரலாம். பல வேளைகளில் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவே உண்டாகிறது.

நம் ஊர்ப் பிள்ளைக்கு இருந்தது இந்த நோய் என்று நாம் சொல்லவில்லை. இது மிக அரிதானது. உலகில் ஏறத்தாழ நூறு பிள்ளைகளில் ஒருவர் ஏதோ ஓர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். பலருக்குக் காரணம் இதுதான் என்று சுட்டிக் காட்ட முடிவதில்லை. உம்மாவின் உடல்நிலைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆரம்பக் கர்ப்பத்தில் ருபெல்லா தொற்று, கட்டுப்படாத நீரிழிவு, சில மருந்துகள் பிள்ளையின் இதயத்தைப் பாதிக்கும். அதனால்தான் ருபெல்லா தடுப்பூசி முக்கியம். கர்ப்பத்துக்கு முன்பே கிளினிக் போவது முக்கியம். ஆனால் அந்தப் பட்டியலில் கிரகணம் இல்லை, அன்னாசி இல்லை, தையல் மெஷின் இல்லை.

மனித முளையத்தின் இதயம் மூன்றாம் நான்காம் கிழமையில் துடிக்கத் தொடங்கி, எட்டுக் கிழமை ஆகும்போது அறைகளின் சுவர்கள் அநேகமாக முடிந்து விடுகின்றன. நாம் விசாரித்த பாரமும் அன்னாசியும் ஐந்தாம் ஆறாம் மாதத்துக் கதைகள். அந்தச் சுவர் எழும்பிய நாட்களில் அந்த உம்மா வழமை போலச் சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிக் கொண்டிருந்திருப்பாள்.

இந்த விடயங்களை அந்த மாணவியிடம் சொன்னோம். முழுவதும் கேட்டு விட்டு, "ஸேர், இத உம்மாட்ட வந்து சொல்ல ஏலுமா?" என்றாள். போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டாரோடு போய்ச் சொன்னோம். அந்த உம்மா நிறைய நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு காலமா அன்னாசி வீட்டுக்குள்ள எடுக்குறதே இல்ல ஸேர்" என்றார்.

அன்று பாயில் இருந்து கேள்வி கேட்டவர்களில் பலர் இந்தப் பதிவை வாசிப்பீர்கள். நாம் மாப்புக் கேட்டு விட்டோம். உங்களுக்கும் அந்த வீட்டு வாசல் தெரியும்.