கப்பல் போனது, அரிசி வரவில்லை

1761 ஜனவரி முதல் நாள் புதுச்சேரிக்கு எதிரே மூழ்கிய 'டுக் தக்கித்தேன்' பிறப்பால் பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல். 1757 மே மாதம் ஈகிள், மெட்வே என்ற ஆங்கிலப் போர்க்கப்பல்கள் அதைப் பிடித்தன. ஆங்கிலக் கடற்படை அதற்கு 64 பீரங்கி பூட்டியது. கடைசியில், தன்னை உருவாக்கியவர்களின் இந்தியத் தலைநகரையே பட்டினி போட வந்து நின்றது. புயல் வந்த இரவில் ஆங்கில அட்மிரல் ஸ்டீவன்ஸ் நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடினார். மற்ற கப்பல்களுக்கு அவர் காட்டிய குறிப்பு எட்டவில்லை. 'டுக் தக்கித்தேன்', 'சண்டர்லாந்து', சரக்குக் கப்பல் 'டியூக்' மூன்றும் அமிழ்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்னும் மூன்று கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. ஒரு காலத்தில் 'டுக் தக்கித்தேனை'ப் பிடித்த மெட்வே பாய்மரம் இழந்தும் தப்பியது.

முற்றுகையிட்ட கப்பற்படை இப்படிச் சிதைந்த பிறகும் நகரம் ஏன் இரண்டே வாரத்தில் விழுந்தது? ஸ்டீவன்ஸ் ஒரு வாரத்துக்குள் கப்பல்களைத் திரட்டிவிட்டார் என்பது வழக்கமான பதில். பொய்யில்லை, ஆனால் போதாது. அன்று துறைமுகமில்லாத இக்கரையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டன. சரக்கை அலை தாண்டிக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆகவே நகரத்தின் உயிர் சின்னப் படகுகளிலும் அவை புறப்படும் துறைகளிலும் இருந்தது. அந்தத் துறைகள் 1760லேயே போய்விட்டன. வடக்கே மரக்காணம், பிரம்மதேசம் வட்டாரத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். தெற்கே, தஞ்சை நெல்லுக்கு வாசலான காரைக்கால் அந்த ஆண்டு ஏப்ரலில் கைமாறியது. புயலால் கடல் காலியானது. காலியான கடலில் அரிசியோடு வர யாருமில்லை.

பிரெஞ்சுத் தளபதி லாலிக்கே இது புரிந்திருந்தது. புயல் ஓய்ந்ததும் பழவேற்காட்டிலிருந்த தம் ஆளுக்கு அவர் எழுதிய கடிதம் கேட்டது போர்க்கப்பலை அல்ல, அரிசி ஏற்றிய படகுகளை. வாடைக் காலமாயிற்றே, பாய் விரித்தால் தெற்கே வந்துவிடலாமே என்று கேட்கலாம். வரலாம்தான். ஆனால் பழவேற்காடு நடுநிலை வகித்த டச்சுக்காரர் ஊர். நடுநிலைக் குடியேற்றங்களை ஸ்டீவன்ஸ் உடனே எச்சரித்துவிட்டார். நாலு படகு அரிசி வந்திருந்தாலும், தரைப்பக்கம் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை நகரைச் சூழ்ந்திருந்த நிலையில், பசி சில நாள் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவே.

அந்தப் புதுச்சேரியை நாள்தோறும் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை ஜனவரி 12 அன்று இறந்தார். 16ஆம் தேதி காலை ஆங்கிலப் படை வில்லியனூர் வாசல் வழியாக உள்ளே நுழைந்தது.