காளத்தியில் பிழைத்த கைத்தொழில்



நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். அந்தப் 'பெலிக்காட்' வேறு ஒன்றுமில்லை. சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் பழவேற்காடுதான். பால்மரம் சீவ நம்மவர்கள் கப்பலேறுவதற்குப் பல தலைமுறை முன்னரே, சோழமண்டலக் கரைத் துணி மலாக்காவுக்கு வந்துவிட்டது. கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வந்த வணிகர்கள் அதைப் பணம்போலக் கொடுத்து மாற்றினார்கள். 1610ஆம் ஆண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டில் வந்து அமர்ந்ததும் இந்தத் துணிக்காகவே.

நெய்த கட்டத் துணி மட்டுமல்ல, பூவும் கொடியும் கையால் எழுதிச் சாயம் ஏற்றிய துணியும் அக்கரையிலிருந்து போயிற்று. எழுதுகோலுக்குப் பாரசீகத்தில் 'கலம்' என்று பெயர். ஆகவே தொழிலுக்குக் கலம்காரி என்ற பெயர் வந்தது. ஐரோப்பாவிலும் இதற்கு ஒரே கிராக்கி. அங்குள்ள நெசவாளர் கூச்சல் போட, பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700இலும் தடைச்சட்டம் போட்டன. சட்டத்துக்குச் சாகாத தொழில், 19ஆம் நூற்றாண்டில் ஆலைகள் அச்சடித்த மலிவுத் துணியின்முன் படுத்துவிட்டது.

பழவேற்காட்டுக்கு வடமேற்கே, சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கிறது காளத்தி. கண்ணப்பர் தம் கண்ணை அப்பிய அதே தலம். இங்குள்ளவர்கள் கோயில்களில் தொங்கவிட, இராமாயண பாரதக் கதைகளைத் துணியில் எழுதி, கீழே தெலுங்கில் விளக்கமும் எழுதி வந்தார்கள். ஆதரித்த கைகள் குறையவே, பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். 1950ஆம் ஆண்டுகளில் தொழில் முழுதும் தெரிந்த பெரியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேதான் மிஞ்சியிருந்தார்கள்.

அப்போதுதான் கமலாதேவி சட்டோபாத்யாய் குறுக்கே வந்தார். 1903இல் மங்களூரில் பிறந்த சுதந்திரப் போராட்ட வீராங்கனை அவர். 1952இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்துக்குத் தலைமை ஏற்றார். பழைய துணிகளைச் சேர்த்துக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வாரியம் காளத்தியிலேயே ஒரு பயிற்சிக்கூடம் திறந்து, தொழில் தெரிந்த ஜொன்னலகட்டா லட்சுமையாவை ஆசிரியராக உட்கார வைத்தது. படித்த அதிகாரி பாடம் நடத்தவில்லை. கை கறுத்த தொழிலாளியே நடத்தினார். எங்கள் கணிப்பில், தொழில் பிழைத்தது அதனால்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். முதலில் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைக்க வேண்டும். பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் மை பரவிவிடும். புளியங்குச்சிக் கரியால் உருவம் வரைந்தபின் கறுப்புக் கோடு. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் மூன்று வாரம்போல ஊறப்போட்டால் கிடைக்கும் நீர்தான் மை. கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் அது கறுக்கும், வெறுந்துணியில் கறுக்காது. கலம் என்பது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. அதன்மேல் சுற்றிய கம்பளித் துணி மையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த மை இறங்கும். எவ்வளவு அழுத்துவது? அதை எந்தப் புத்தகமும் சொல்லாது. மரப்பட்டையில் உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை நாம் எப்படிக் கற்றோம்? பக்கத்தில் நின்று பார்த்துத்தானே!

சிவப்புக்கு வழி இன்னும் விந்தையானது. வேண்டிய இடத்தில் படிகார நீரைப் பூசி, ஓடும் ஆற்றில் அலசி, சாயவேர் போன்ற வேர்களோடு கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும்.

லட்சுமையாவின் மகன் குரப்பா செட்டி இத்தொழிலைக் கற்று, பலருக்குக் கற்பித்து, நூல்களும் எழுதினார். 2008இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று உண்டு. தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று அடைபட்டுக் கிடந்த வித்தை வெளியாருக்கும் திறந்தது. பின்வந்த ஆண்டுகளில் பெண்கள் பெருந்தொகையாகக் கலம் பிடித்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு உறவு உண்டு. கோயில் தேரிலும் பந்தலிலும் நீள் உருளையாகத் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். கும்பகோணத்துப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் அவற்றைக் கையால் எழுதும் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. சுவர்ணமுகி பல மாதம் வறண்டு கிடக்கிறது. ஓடும் நீர் இல்லாமல் அலசுவது கஷ்டம். இயந்திரத்தில் அச்சடித்த சேலைகளும் கலம்காரி என்ற பெயரிலேயே விற்கின்றன. கடையில் வாங்குகிறவர்கள் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கையால் எழுதியதில் ஒரு பூவைப்போல் இன்னொரு பூ அச்சாக இராது. கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். புதுத் துணியை முகர்ந்தால் லேசாகப் பால்வாடையும் அடிக்கும்.