தெர்மாமீட்டரில் ஏன் பாதரசம்?

ஜூரோங் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருபவை தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும்தாம். 1961-இல் அங்கே தொழிற்பேட்டை வேலை தொடங்கும் முன்பு, அது சதுப்பு நிலமும் தோட்டமுமாகக் கிடந்த பகுதி. முதலில் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். பின்னர் ரப்பர் வந்தது. 'பூன் லே' என்று இன்று ரயில் நிலையத்திற்கு வழங்கும் பெயர், சூ பூன் லே என்ற தோட்ட முதலாளியின் பெயர்தான்.

தோட்டம் என்றால் காய்ச்சலும் உடன் வரும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோரை அதிகம் வாட்டியது மலேரியா. 1901-இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் சதுப்பு நீரை வடியச் செய்து கொசுவை ஒடுக்கிக் காட்டினார். ஆனால் நோய் கண்டவரை அடையாளம் காண்பது எளிதாயில்லை. குளிர்காய்ச்சல் தொடங்கும்போது உடலினுள் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். அவரோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குவார். நேற்று விழுந்தவர் இன்று எழுந்து நடப்பார். நாளை மறுபடியும் விழுவார். பார்ப்பவருக்கு அது பாசாங்காகத் தோன்றும். நாள்கூலிக்காரருக்கு இது பெரிய சங்கடம் அல்லவா? நெற்றியில் வைக்கும் கை இந்த வழக்கைத் தீர்க்காது. தெர்மாமீட்டர் தீர்க்கும்.

1714-இல் பாரன்ஹீட் பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து நம்பகமான வெப்பமானியைச் செய்தார். ஆயினும் நோயாளியிடம் அதைக் கொண்டுசெல்ல நெடுங்காலமாயிற்று. பழைய கருவிகள் ஏறத்தாழ ஓரடி நீளம். அளவு காட்ட இருபது நிமிடம் எடுக்கும்! 1860-களில் இங்கிலாந்தின் ஆல்பட், ஆறு அங்குல நீளத்தில், ஐந்து நிமிடத்தில் அளவு காட்டுவதாக ஒன்றை அமைத்தார். ஜெர்மனியின் வுண்டர்லிச் 1868-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு நோய்க்கும் வெப்பம் ஏறி இறங்கும் முறை ஒன்று உண்டென்று விளக்கினார். நாற்பத்தெட்டு மணிக்கு ஒருமுறை ஏறும் மலேரியாவும் தாளில் வரையும் கோட்டில் அகப்பட்டுவிடும்.

இதற்குப் பாதரசம் எதற்கு, தண்ணீர் ஆகாதா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. தண்ணீர் கண்ணாடியில் ஒட்டும், நிறமும் இல்லை. பூஜ்யம் முதல் நான்கு டிகிரி வரை சூடேற்றினால் விரிவதற்குப் பதில் சுருங்கும். பாதரசமோ உலோகமாயினும் திரவம். சுமார் மைனஸ் 39 டிகிரி செல்சியஸில்தான் உறையும்; 357 டிகிரியில்தான் கொதிக்கும். இடையில் ஏறக்குறைய ஒரே சீராக விரியும். ஒரே எடையுள்ள தண்ணீரைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தில் முப்பதில் ஒரு பங்கு இதற்குப் போதும். ஆகவே உடல் சூட்டை விரைவில் ஏற்கிறது.

எல்லாவற்றினும் நயமானது, அது கண்ணாடியில் ஒட்டாத குணம். குமிழுக்குச் சற்று மேலே குழாய் மிகக் குறுகியிருக்கும். விரியும் பாதரசம் அந்த இடுக்கைத் தாண்டி ஏறும்; வாயிலிருந்து எடுத்ததும் குமிழிலுள்ளது சுருங்க, இடுக்கில் கம்பி அறுந்துபோகும். மேலே ஏறியது அங்கேயே நிற்கும். டிரெஸர் நிதானமாக வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கலாம். அடுத்தவருக்கு வைக்குமுன் அவர் உதறுவது, நின்ற பாதரசத்தைக் கீழே இறக்கத்தான்.

இவ்வளவு உதவிய பொருளுக்கு வேறொரு குணமும் உண்டு. சாதாரண அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. நீண்ட நாள் சுவாசித்தால் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும், கை நடுங்கும். இதன் கணக்கைத் தமிழ்நாட்டின் கொடைக்கானல் பார்த்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து கொண்டுவந்த இயந்திரங்களோடு 1980-களில் அங்கே தெர்மாமீட்டர் ஆலை தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது வெளிப்பட, ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் தங்கள் நோய்களுக்கு ஆலையே காரணம் என்றனர், நிறுவனம் மறுத்தது. 2016-இல்தான் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு ஏற்பட்டது. காய்ச்சலை அளக்கும் கருவியைச் செய்தவர்கள் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள்!

2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்கள் நாள்தோறும் தங்கள் வெப்பத்தை அளந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது மின்கலத்தில் இயங்கும் தெர்மாமீட்டர். மினமாட்டா உடன்படிக்கை, 2020-க்குப் பின் பாதரசத் தெர்மாமீட்டர்களின் உற்பத்தியையும் வாணிபத்தையும் நிறுத்தக் கோருகிறது.

ஆயினும் பழைய ஒன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கக்கூடும். அது உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிச் சன்னலைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், உருண்டைகள் இன்னும் சிறிதாகச் சிதறும். தடித்த காகிதத்தால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் இட்டு இறுக மூடுங்கள். வீட்டுக் குப்பையில் போடாமல், ரசாயனக் கழிவை ஏற்கும் இடத்தில் அதைக் கொடுத்துவிடுங்கள்.