கொல்லைப்புறத்துக்கும் வயலுக்கும் பறவைகளை வரவழைப்பது எப்படி?

பயிரில் புழு தெரிந்தவுடன் மருந்துக் கடைக்குக் கிளம்புவதற்கு முன், காலையில் கால் மணி நேரம் வரப்பில் நின்று பாருங்கள். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் (இரட்டைவால் குருவி) பயிருக்குள் பாய்ந்து, எதையோ கவ்விக்கொண்டு மீண்டும் கம்பிக்கே வந்து உட்காரும். மைனாக்கள் பாத்திக்குள் நடந்து நடந்து கொத்தும். இந்தப் பறவைகள் செய்வதும் பூச்சிக் கட்டுப்பாடுதான். அவை நம் தோட்டத்தில் தங்க வேண்டுமானால் தண்ணீர், இரை, உட்காரவும் கூடு கட்டவும் இடம், நஞ்சில்லாத சூழல் ஆகிய நான்கும் வேண்டும்.

எது நண்பன், எது எதிரி?

கரிச்சான், பனங்காடை ஆகியவை வெட்டுக்கிளி, வண்டு, புழு ஆகியவற்றைப் பிடிக்கும். கொண்டலாத்தி நீண்ட அலகால் மண்ணைக் குத்தி உள்ளே இருக்கும் புழுக்களை எடுக்கும். உண்ணிக்கொக்கு ஏர், டிராக்டர், மாடு ஆகியவற்றின் பின்னால் நடந்து, கிளம்பும் பூச்சிகளைத் தின்னும். இரவில் வரும் கூகையும் ஆந்தையும் எலி பிடிக்கும்.

கிளி மக்காச்சோளம், சூரியகாந்தி, கொய்யா ஆகியவற்றைச் சேதப்படுத்தும். தூக்கணாங்குருவியும் சில்லையும் தானியம் தின்னும். பஞ்சுருட்டான் பல பூச்சிகளைப் பிடித்தாலும், தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தொல்லைதான். சிட்டுக்குருவி வளர்ந்த பிறகு தானியம் தின்றாலும், தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு, பூச்சிகளையே ஊட்டும். எனவே 'பறவை' என்று பொதுவாகப் பார்க்காமல், எந்தப் பறவை, எந்தப் பருவத்தில், எதைத் தின்கிறது என்று பார்ப்பது அவசியம்.

தண்ணீர்

கோடையில் பறவைகளை வரவழைக்கத் தண்ணீரே எளிய வழி. வாய் அகன்ற மண் தட்டில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வையுங்கள். சிறிய பறவைகள் அதில் நின்று குடிக்கும், குளிக்கும். பூனை பதுங்கும் புதர் அருகில் வைக்க வேண்டாம். தினமும் தண்ணீரை மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் கொசு பெருகும், பறவைகளுக்கு நோயும் பரவும்.

மரமும் கூடும்

தானியம் இறைப்பதைவிட மரம் வைப்பதே நிலையான வழி. வேம்பு, நாவல், அத்தி ஆகியவற்றின் பழங்களுக்குக் குயில், கொண்டைக்குருவி, மைனா ஆகியவை வரும். செம்பருத்தி, முருங்கை பூத்தால் தேன்சிட்டு வரும். அகன்ற இலையுள்ள செடிகளில் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டும். பட்டுப்போன பனை ஒன்று வேலியோரம் ஆபத்தில்லாமல் நின்றால் வெட்டாமல் விடுங்கள். அதன் பொந்தில் பனங்காடையோ மைனாவோ குடியேறலாம்.

சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி வைக்கலாம். நுழையும் துளை 32 முதல் 38 மில்லிமீட்டர் போதும். பெரிதாக வைத்தால் மைனா பிடித்துக்கொள்ளும். பெட்டியை நேர் வெயில் படாத சுவரில், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். உள்ளே பெயின்ட் அடிக்கக் கூடாது. குஞ்சு இருக்கும்போது திறந்து பார்க்கவும் கூடாது.

வயலில் பறவைத் தாங்கி

'T' வடிவக் குச்சிகளை ஏக்கருக்கு 20 வரை, பயிரைவிட ஓரிரு அடி உயரமாக நடுங்கள். நெல் வயலில் தென்னை மட்டையின் அகன்ற அடிப்பகுதி மேலே இருக்கும்படி தலைகீழாக நட்டாலே போதும். பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் அதில் உட்காரும்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். முதலாவது, கதிர் பால்பிடிக்கும் முன் தாங்கிகளை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அவை தானியம் தின்னும் பறவைகளுக்கு வசதியாகிவிடும். இரண்டாவது, பறவைகள் புழுவின் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர முழுவதும் ஒழிக்காது. அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குத் தாங்கி தீர்வல்ல. வாரம் ஒருமுறை செடிகளைப் புரட்டிப் பார்த்து, சேதம் பொருளாதாரச் சேத நிலையைத் தொட்டால் மட்டும் அடுத்த நடவடிக்கைக்குப் போங்கள்.

நஞ்சைத் தவிருங்கள்

புரோமடையலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தளர்ந்து திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும். எலியைத் தின்ன வந்த கூகை செத்தால், அடுத்த முறை எலி பெருகும்போது பிடிக்க ஆள் இருக்காது. முடிந்தவரை தஞ்சாவூர் கிட்டி போன்ற பொறிகளைப் பயன்படுத்துங்கள். மருந்து வைத்தே ஆக வேண்டியிருந்தால், செத்த எலிகளைத் தினமும் தேடி எடுத்து ஆழமாகப் புதையுங்கள். கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று கல்லெறிவதையும் விட்டுவிட வேண்டும்.

பழ மரங்களுக்கு மேல் தொய்வாக வலை போட்டால் பறவைகள் சிக்கிச் சாகும். இழுத்துக் கட்டுங்கள், அல்லது காய்களுக்கு உறை போடுங்கள். கிளி, மைனா ஆகியவற்றைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பார்த்துக் குறித்து வையுங்கள்

காலை 6 முதல் 8 மணி வரையும், மாலை 4 மணிக்கு மேலும் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். ஒரே இடத்தில் 15 நிமிடம் அசையாமல் உட்காருங்கள். பெயர் தெரியாத பறவை என்றால் அதன் அளவு (சிட்டுக்குருவியா, மைனாவா, காக்கையா), அலகு, வால், இரை தேடும் விதம் ஆகிய நான்கையும் பாருங்கள். மெர்லின் என்ற இலவசச் செயலியில் படத்தையோ குரலையோ கொடுத்தும் தெரிந்துகொள்ளலாம்.

நோட்டில் தேதி, நேரம், பயிர், பறவை, அலகில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். ஒரு போகம் எழுதினால், உங்கள் வயலில் தாங்கியை எப்போது நட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், 15 நிமிடம் பார்த்த பட்டியலை இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்து நீங்களும் பங்கெடுக்கலாம். வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தட்டை நிரப்பும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தால், ஒரு நாளும் காயாமல் பார்த்துக்கொள்வார்கள்.