தன் வெறுப்பைத் தராசில் வைக்காத நீதிபதி

நீதிபதி விருப்பு வெறுப்பற்றவராக இருக்க வேண்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விருப்பு வெறுப்பில்லாத மனிதர் எங்கே இருக்கிறார்? தம் வெறுப்பை நன்கறிந்தும், அதைத் தராசுத் தட்டில் வைக்க மறுத்த ஒருவரை அமெரிக்க உச்ச நீதிமன்ற வரலாற்றில் காண்கிறோம். அவர் ஹாரி பிளாக்மன். அதிபர் நிக்சனால் 1970இல் அந்தப் பதவிக்கு வந்தவர்.

1972 ஜூன் 29 அன்று 'ஃபர்மன் எதிர் ஜார்ஜியா' வழக்கில் தீர்ப்பு வெளியாயிற்று. கொடிய, வழக்கத்துக்கு மாறான தண்டனைகளை அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தம் தடுக்கிறது. அன்று நடைமுறையில் இருந்த விதத்தில் மரண தண்டனை விதிப்பது அதற்கு முரணானது என்று ஐவர் கூறினர். நால்வர் மறுத்தனர். மறுத்தவர்களுள் பிளாக்மனும் ஒருவர்.

ஆனால் தாம் மரண தண்டனையை மனமார வெறுப்பதை அவர் தம் மறுப்புரையில் ஒளிக்கவில்லை. தாம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தால் அதற்கு எதிராகவே வாக்களிப்பதாகவும், தீர்ப்பின் விளைவு தமக்கு மகிழ்ச்சி தரக்கூடியதே என்றும் எழுதினார். ஆயினும் வரலாற்றிலோ சட்டத்திலோ அதற்கு ஆதாரம் காண இயலவில்லை. அதை ஒழிப்பது மக்கள் பிரதிநிதிகளின் பணி என்றார். 1976இல் 'கிரெக்' வழக்கில், புதிய சட்டங்களின்கீழ் மரண தண்டனை செல்லும் என்ற எழுவரோடும் சேர்ந்தார். 1977 ஜனவரியில் தண்டனை நிறைவேற்றம் மீண்டும் தொடங்கியது.

இதை நடுநிலைமையின் சிகரம் என்பாரும் உண்டு. மனசாட்சியை அடகு வைத்த செயல் என்பாரும் உண்டு. பின்னர் நடந்ததையும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

1987இல் 'மெக்கிளெஸ்கி' வழக்கு வந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை அலசிய ஆய்வொன்று நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. கொல்லப்பட்டவர் வெள்ளையரானால் மரண தண்டனைக்கான வாய்ப்பு 4.3 மடங்கு கூடுகிறது என்றது அது. இந்தக் குறிப்பிட்ட வழக்கில் பாகுபாடு நிகழ்ந்ததாக நிறுவப்படவில்லை என்று ஐவர் தண்டனையை உறுதி செய்தனர். இம்முறை பிளாக்மன் கைதியின் பக்கம் நின்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், ஓய்வு பெற்றபின் 1991இல், இந்த வழக்கில் தம் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்புவதாகத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் சொன்னார். அதே ஆண்டில் மெக்கிளெஸ்கி மின்சார நாற்காலியில் உயிரிழந்தார்.

1994 பிப்ரவரி 22 அன்று, காலின்ஸ் என்ற கைதியின் மனுவை விசாரிக்க நீதிமன்றம் மறுத்தது. பிளாக்மன் மட்டும் தனித்து எதிர்ப்புரை எழுதினார். இந்தத் தண்டனையை நியாயமாகவும் சீராகவும் வழங்க இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்த முயற்சிகள் தோற்றன. கொல்லும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் வேலையில் இனித் தமக்குப் பங்கில்லை என்று அறிவித்தார். நீதிபதி ஸ்காலியா உடனே மறுமொழி எழுதினார். மரண தண்டனையை அரசியல் சாசனமே ஏற்றுப் பேசுகிறது. ஒருவரது சொந்த நம்பிக்கையை அதற்குள் புகுத்திப் படிக்கலாகாது என்பது அவர் வாதம். பிளாக்மன் அவ்வாண்டே ஓய்வு பெற்றார்.

ஸ்காலியாவின் குற்றச்சாட்டு வலுவானதே. எனினும் நமக்கு அது முழுமையாகப் படவில்லை. பிளாக்மனின் வெறுப்பு 1972லும் அதே எடைதான். அன்று அவர் அதைத் தட்டில் வைக்கவில்லை. 1994இல் தட்டைத் தாழ்த்தியவை இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் மேசைக்கு வந்து சேர்ந்த வழக்குக் கட்டுகள். தம் மனத்துக்கு வெளியே உள்ள காரணத்தைப் பிறர் சோதித்துப் பார்க்கும்படி எடுத்து வைத்தவரை ஒருபக்கம் சாய்ந்தவர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் ஒரு கணக்கு மிஞ்சுகிறது. அவர் அந்த முடிவுக்கு வந்து சேர்வதற்குள் அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்டோரின் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது. நீதிபதியின் பொறுமைக்கு விலை கொடுத்தவர் நீதிபதி அல்லர்.