அலுமினியப் பெட்டி: தகடா, சட்டமா?

இணையக் கடைகளில் 'அலுமினியம் ப்ரீஃப்கேஸ்' என்று தேடினால் இரண்டாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. படத்தில் ரெண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வெள்ளி நிறம், இரண்டு பூட்டு, நடுவில் கைப்பிடி. வித்தியாசம் பிராண்ட் பெயருக்கான காசு என்று நினைக்கத் தோன்றும். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள நூற்றி நாற்பது வருஷம் பின்னால போகணும்.

1884 டிசம்பரில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஒரு சின்னக் கூம்பு வைத்தார்கள். எடை 100 அவுன்ஸ், அதாவது மூன்று கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அலுமினியத்தில் வார்த்தது. அன்றைக்கு அது வெள்ளியோடு ஒப்பிடும் விலையில் இருந்த உலோகம். தூணில் ஏற்றுவதற்கு முன் நியூயார்க்கில் டிஃபனி நகைக்கடையில் காட்சிக்கு வைத்தார்கள் என்றால் அதன் மவுசைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூமியின் மேலோட்டில் அதிகமாக இருக்கும் உலோகமே அலுமினியம்தான். ஆனால் ஆக்சிஜனை விட்டுப் பிரிய மறுக்கும். 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால், பிரான்சில் பால் எரூ, ஒருவருக்கொருவர் தெரியாமல் மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863இல் பிறந்தவர்கள், 1914இல் இறந்தவர்கள். இது வெறும் தற்செயல்தான், இருந்தாலும் குறிப்பேட்டில் எழுதி வைக்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் விலை சரிந்தது. நகைக்கடையிலிருந்து உலோகம் பாத்திரக்கடைக்கு வந்தது.

அந்தப் பாத்திரக்கடைகளில் ஒன்று நம்ம ஊர். 1898இல் சென்னைக் கலைப்பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், இறக்குமதித் தகடுகளை வைத்து அங்கேயே அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். இன்றைக்கு எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறதே, அதே இடம்தான். பித்தளைக்குப் பழகிய நம்ம கன்னார்களுக்குப் புது உலோகத்தில் வேலை தருவது அவர் எண்ணம். சில ஆண்டுகளில் அந்தத் தொழில் இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்துக்குக் கைமாறியது. இந்திய மண்ணிலேயே உலோகத்தைப் பிரித்தெடுக்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, கேரளத்தின் ஆலுவாவில். மேட்டூருக்கு அது 1965இல் வந்தது.

அதே 1898இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பால் மோர்ஷெக் என்பவர் ஒரு பெட்டித் தொழிற்சாலை தொடங்கினார். மரமும் தோலும் கொண்ட பயணப் பெட்டிகள். பின்னாளில் ரிமோவா என்று பெயர் பெற்ற நிறுவனம் இதுதான். அது அலுமினியத்துக்கு மாற 1937 வரை ஆனது. இடையில் என்ன நடந்தது என்பதில்தான் பெட்டியின் கதை இருக்கிறது.

சுத்த அலுமினியம் மெத்து. சோற்றுப் பானைக்குச் சரி, சுமை தாங்காது. 1906இல் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கொஞ்சம் செம்பும் மக்னீசியமும் சேர்த்துச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்த அலுமினியக் கலவை, சும்மா வைத்திருந்தாலே சில நாட்களில் தானாகக் கடினமாகிறது! ட்யூராலுமின் என்று பெயர் வைத்தார்கள். அதை வைத்து 1919இல் பறந்தது யுங்கர்ஸ் எஃப் 13, முழு உலோகப் பயணிகள் விமானம். அதன் உடம்பு முழுக்க வரி வரியாக மடிப்பு. அழகுக்காக இல்லை. மெல்லிய தகட்டை மடித்தால் அந்தத் திசையில் வளையாது. நம்ம தகரக் கூரைக்கும் அதே கணக்குதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அப்போ என்ன லாபம்? அதே எடைக்கு மூன்று மடங்கு தடிமனான தகடு கிடைக்கும். தகடு வளையாமல் நிற்பது தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. மூன்று மடங்கு தடிமன் என்றால் 27 மடங்கு, அதை மூன்றால் வகுத்தால் ஒன்பது. எடை ஏறாமல் ஒன்பது மடங்கு வளையாத தகடு. விமானத்தையும் பெட்டியையும் அலுமினியத்துக்கு இழுத்தது இதுதான்.

1938இல் அமெரிக்காவில் எர்ல் ஹாலிபர்ட்டன் தனக்கென்று அலுமினியப் பெட்டி செய்யச் சொன்னார். எண்ணெய்க் கிணறுகளுக்குச் சிமெண்ட் பூசும் தொழில் நடத்தியவர். புழுதியிலும் மழையிலும் லாரியில் அலைந்த காகிதங்களைக் காப்பாற்ற ஒரு பெட்டி வேண்டும், அவ்வளவுதான். அது தனித் தொழிலாகி, 1952இல் கைமாறி, ஜீரோ ஹாலிபர்ட்டன் ஆனது. ரிமோவா தன் பங்குக்கு 1950இல் பெட்டியின் உடம்பில் வரிகளைப் போட்டது. யுங்கர்ஸ் விமானத்தைப் பார்த்துச் செய்தது என்று அந்த நிறுவனமே சொல்லிக்கொள்கிறது.

ரெண்டுமே ஒரே வம்சம். தகடே உடம்பு, தகடே எலும்பு. உள்ளே வேறு சட்டம் கிடையாது. லட்சம் ரூபாய்ப் பெட்டி இந்த வம்சத்தில் வருவது.

சரி, இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டி? அது வேறு குடும்பம். பழைய கப்பல் டிரங்குப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பலகையால் உடம்பு, விளிம்புக்கும் மூலைக்கும் மட்டும் உலோகம். அடி படுவது விளிம்பில்தானே, அங்கே காவல் போட்டால் போதும் என்ற யோசனை. அந்த யோசனை பின்னால் இசைக்குழுக்களின் ஆம்ப்ளிஃபயர், கேமரா, சினிமா விளக்கு இவற்றைத் தூக்கும் ஃப்ளைட் கேஸ் ஆனது. ப்ளைவுட் பலகை, அலுமினியச் சட்டம், மூலையில் எஃகுக் குமிழ், ரிவெட். அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 300ஆம் எண் விதிமுறையில், முதல் தரப் பெட்டி என்றால் குறைந்தது 100 முறை போய்வரத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது.

மலிவு ப்ரீஃப்கேஸ் இந்த ஃப்ளைட் கேஸின் தம்பி, முதலாளி வீட்டுப் பிள்ளையின் சட்டையைப் போட்டிருக்கிறது. பக்கங்கள் எம்டிஎஃப் பலகை அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக். மேலே வெள்ளிப் பூச்சுத் தாளோ, தாள் போன்ற மெல்லிய தகடோ. உண்மையான அலுமினியம் விளிம்புச் சட்டத்தில் மட்டும்தான். உங்க வீட்டு அலுமினிய ஜன்னல் சட்டம் போலவே, சூடான உலோகத்தை அச்சுத் துளை வழியாகப் பிதுக்கி எடுப்பது. முறுக்குப் பிழிகிற மாதிரி!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுபது, எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள் அலுமினியப் பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள். மழைக்குத் தலையில் கவிழ்த்தது, பஸ்ஸில் இடம் பிடித்தது, சண்டையில் ஆயுதமானது. அது தகட்டை மடித்து, விளிம்பைச் சுருட்டி, மூடியில் வரி அழுத்திச் செய்தது. பலகை கிடையாது, சட்டம் கிடையாது. கட்டுமானத்தில் அதுதான் ரிமோவாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். மினுமினுக்கிற இன்றைய ப்ரீஃப்கேஸ் அந்த உறவில் இல்லை.

அதனால் மலிவுப் பெட்டி மோசமா? இல்லை. ஆனால் எந்தக் குடும்பம் என்று தெரிந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். சட்டம்தான் பெட்டி. பலகை வெறும் சுவர்.

நான் ஆறேழு வருஷமாக இப்படியொரு மலிவுப் பெட்டிதான் வைத்திருக்கிறேன். ஊர் ஊராகப் போய்ப் பழைய கடிதங்கள், கணக்கேடுகள், புகைப்படங்களைப் படியெடுக்கிற வேலை எனக்கு. சில வீடுகளில் உட்கார்ந்து படியெடுக்க முடியாது. "எடுத்துட்டுப் போங்க தம்பி, பத்திரமா கொண்டாந்து குடுத்துடுங்க" என்பார்கள். ஒரு குடும்பத்திடம் மிச்சமிருக்கும் தாத்தா படம் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதை வாங்கி வைக்கும் பெட்டியைத் தேர்வு செய்ய நான் பார்ப்பவை இவை.

முதலில் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்றால் பலகை, 'டப்' என்றால் பிளாஸ்டிக், 'டங்' என்றால் தகடு. எம்டிஎஃப் விறைப்பாக இருக்கும், ஆனால் மழையில் ஊறினால் உப்பிவிடும். மழைக்காலத்தில் அலைபவர்களுக்குப் பிளாஸ்டிக் பக்கமே மேல்.

அடுத்து விளிம்பு. மூடியின் சட்டமும் அடிப்பெட்டியின் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று நாக்கும் பள்ளமுமாக உட்கார வேண்டும். மூடிப் பூட்டிவிட்டு இடுக்கில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். சுற்றிலும் எங்கேயும் சுலபமாக நுழைந்தால் புழுதியும் நுழையும். பிறகு எதிரெதிர் மூலைகளைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். சட்டம் வாயைத் திறந்தால் வாங்காதீர்கள். கைப்பிடி சட்டத்தில் ரிவெட் அடித்திருக்கணும், பலகையில் அடித்திருந்தால் ஒரு வருஷம்தான். கீல் ஒரே நீளமாக ஓடினால் நல்லது.

விளிம்பு என்று நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்க ஒரு காரணம் நிலவில் இருக்கிறது. அப்பல்லோ 11 கொண்டுவந்த சுமார் 21.5 கிலோ கல்லும் மண்ணும் பெரும்பாலும் வந்தது இரண்டு அலுமினியப் பெட்டிகளில். ஒரு தடித்த ப்ரீஃப்கேஸ் அளவு. செய்தது ஓக் ரிட்ஜில் யூனியன் கார்பைட் நடத்திய ஆலை, நமக்குப் போபாலால் தெரிந்த அதே கம்பெனி. பெட்டியின் விளிம்பில் மூன்று அடுக்குக் காப்பு: கத்தி முனை ஒன்று மெத்தான இண்டியம் உலோகத்தில் பதியும், கூடவே இரண்டு ரப்பர் வளையங்கள். அப்படியும் அப்பல்லோ பயணங்களில் சில பெட்டிகளின் விளிம்பில் நிலவுத் தூசி சிக்கி, உள்ளே காற்று புகுந்துவிட்டது. உடம்பில் குறையே இல்லை. தோற்றது விளிம்பு.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று எண் பூட்டுக்கு 1000 சேர்க்கைகள். ஒன்றுக்கு இரண்டு நொடி என்றால் அரை மணி நேரத்துக்குச் சற்றுமேல் போதும், எல்லாவற்றையும் முயன்றுவிடலாம். ஆகவே அது திருடனுக்கு இல்லை, பஸ்ஸில் தானாகத் திறக்காமல் இருப்பதற்கு. 000 என்று வருவதை மாற்றிவிட்டு, புது எண்ணைப் பெட்டிக்கு வெளியே எழுதி வையுங்கள்.

உள்ளே வரும் கறுப்பு ஸ்பாஞ்சை நான் எடுத்துவிடுவேன். பாலியூரித்தேன் நம்ம ஊர் ஈரப்பதத்தில் சில வருஷங்களில் பிசுபிசுத்து உதிரும். கேமராவுக்கே ஆகாது, பழைய புகைப்படத்துக்குக் கேட்கவே வேண்டாம். அதற்குப் பதிலாக டிவி பெட்டியில் வரும் வெள்ளை பாலியெத்திலீன் நுரையை வெட்டிப் போடுங்கள். ஆவணம் அமிலமில்லாத் தாளில் சுற்றியிருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரில் பெட்டியை விடாதீர்கள். ஒலிநாடா வைத்திருப்பவர்கள் கவனிக்க: அலுமினியம் காந்தத்தைத் தடுக்காது. ஒலிபெருக்கி பக்கத்தில் வைக்கக் கூடாது என்ற விதி பெட்டிக்குள்ளும் செல்லும்.

துடைக்க ஈரத்துணியும் கொஞ்சம் சோப்பும் போதும். புளி, சோடா, சாம்பல் மூன்றும் வேண்டாம். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. அந்த உலோகத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு தோல், புளிப்பும் காரமும் அதைத்தான் முதலில் தின்னும். கடலோர ஊர்க்காரர்கள் எஃகு ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கணும். உப்புக் காற்றில் ரெண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும்.

தூண் உச்சியில் வைக்கிற உலோகம் பள்ளிக்கூடப் பிள்ளை கைக்கு வர நூறு வருஷம்கூட ஆகவில்லை. அடுத்த கட்டத்தில் அது சட்டத்துக்குச் சுருங்கி, மீதி இடத்தில் தன் நிறத்தை மட்டும் விட்டுவிட்டது. நிறத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம், சட்டத்துக்குக் கொடுங்கள். அடுத்தவர் வீட்டுத் தாத்தா படம் உள்ளே இருக்கும்போது அந்த விளிம்பு சரியாக மூடினால் போதும்.