ஆறு மாதக் காவல்

என் தங்கை மகள் உத்தியோக நிமித்தம் லண்டனுக்குக் குடிபெயர நேர்ந்தபோது, அவளுடைய விசாவும் விமானச் சீட்டும் வீட்டைக் காலி செய்யும் வேலையும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டன. தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த செவலை நாய்க்கான ஏற்பாடுகள் மட்டும் ஐந்து மாதம் பிடித்தன. அதை விட்டுச் செல்ல அவளுக்கு மனமில்லை. தன் புறப்பாட்டையே நாயின் தேதிக்குத் தக்கபடி ஒத்திவைத்துக்கொண்டாள். கால்நடை மருத்துவரிடம் அவள் போன நாட்களில் நானும் துணைக்குப் போனேன். முதல் நாள், நெல்மணியளவான ஒரு சில்லை நாயின் பிடரித் தோலுக்கடியில் செலுத்தினார்கள். மருத்துவர் கையடக்கமான கருவி ஒன்றை அதன் கழுத்தோரம் மெல்ல நகர்த்தியதும் பதினைந்து இலக்க எண் ஒன்று தோன்ற, அவர் அதை இரண்டு முறை உரக்கப் படித்துக் காகிதத்தோடு ஒப்பிட்டார். அதன் பிறகுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஆண்டுதோறும் தவறாமல் போட்டுவந்த ஊசிகள், சில்லுக்கு முந்தியவை என்பதால், கணக்கில் சேரவில்லை. ஊசிக்கு முப்பது நாள் கழித்து முன்னங்காலில் இரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுக்கூடம் ஒன்றுக்குக் குளிர்ப்பெட்டியில் அனுப்பினார்கள். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் எதிர்ப்பொருள் இருக்கவேண்டும் என்பது விதி. அதற்கு மேலேயே இருக்கிறது என்று முடிவு வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆயினும் அன்றும் புறப்பட முடியாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

“ஊசி பலித்துவிட்டது, இரத்தமும் சாட்சி சொல்லிவிட்டது; இன்னும் எதற்கு மூன்று மாதம்?” என்று கேட்டேன்.

“ஊசி போடுவதற்கு முன்னாலேயே எங்காவது கடிபட்டிருந்தால் என்ன செய்வது, ஐயா? அது வெளியே தெரியக் காலம் ஆகுமில்லையா?” என்றார் மருத்துவர்.

அவர் சர்வ சாதாரணமாகச் சொன்ன அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு தீவின் பயமும், அந்தப் பயத்தால் அது இயற்றிய சட்டங்களும், அச்சட்டங்களால் பிரிந்திருந்த எத்தனையோ நாய்களும் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்துத்தான் நான் அறிந்தேன்.

வெறிநோயின் சுபாவமே இந்தச் சரித்திரத்துக்கு மூலகாரணம். கடிவாயில் இறங்கிய கிருமி நரம்பு வழியாக மெதுவாக ஊர்ந்து மூளையை அடைகிறது. அங்கே அடையும் வரையில் ஜந்து ஆரோக்கியமாக ஓடியாடிக்கொண்டிருக்கும். இந்த இடைக்காலம் நாய்க்குச் சில வாரமாகவும் இருக்கலாம், சில மாதமாகவும் இருக்கலாம். மனிதருக்கு நோய் கண்டுவிட்டாலோ, தாகத்தால் தவித்தும் தண்ணீரை விழுங்க முடியாமல், கிண்ணத்தைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும். அதனால் முன்னோர் அதை நீர்ப்பயம் என்றும் சொன்னார்கள். அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர் அபூர்வம். கோடை உஷ்ணத்தாலும் தாகத்தாலும் நாய்க்குத் தானாகவே வெறி பிடிக்கும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் வெகுகாலம் நிலவியது. அப்படியல்ல, ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்குக் கடியால் மட்டுமே பரவுவது இது, ஆகவே நாடு முழுதும் நாய்களைத் தனித்தனியே அடைத்து வைத்து, வெளியிலிருந்து வருபவற்றையும் தடுத்துவிட்டால் பிரிட்டன் போன்ற ஒரு தீவிலிருந்து நோயை அடியோடு அகற்றிவிடலாம் என்று, மான்செஸ்டரில் வாழ்ந்த சாமுவேல் பார்ட்ஸ்லி என்ற வைத்தியர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதினார். அதைச் செயலாக்க அந்நாடு ஏறக்குறைய நூறாண்டு எடுத்துக்கொண்டது.

1885 ஜூலை 6ஆம் தேதி பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், அல்ஸாஸ் பிரதேசத்திலிருந்து வந்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் சிகிச்சையைத் தொடங்கி அவனைக் காப்பாற்றினார். பிரான்ஸ் கடிபட்டவனுக்கு மருந்து தேடிய வழியில் புகழ்பெற்றது. பிரிட்டனோ கடிக்கும் நாயையே கட்டுப்படுத்தும் வழியைப் பிடித்துக்கொண்டது. 1897இல் விவசாய வாரியத்தின் தலைவராயிருந்த வால்டர் லாங், நோய் கண்ட பிரதேசங்களில் வெளியே வரும் நாய் ஒவ்வொன்றுக்கும் கம்பிக்கூடு போன்ற வாய்ப்பூட்டு மாட்டவேண்டுமென ஆணையிட்டார். அதனால் அவருக்குக் கிடைத்த வசை கொஞ்சமல்ல. நாய்களின் நலனுக்கென 1891இல் தோன்றிய சங்கம் அதை வன்மையாக எதிர்த்தது. வேட்டையில் ஈடுபடும் நாய்க்கூட்டங்களுக்கு மட்டும் ஆணையிலிருந்து விலக்கு இருந்தமை, ஏழையின் நாய்க்கு ஒரு நியாயம், சீமானின் நாய்க்கு ஒரு நியாயமா என்ற கேள்விக்கும் இடம் கொடுத்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே எனக்கும் படுகிறது. ஆயினும் லாங் அசையவில்லை; 1902க்குள் பிரிட்டனில் வெறிநோய் அற்றுப்போயிற்று.

உள்ளே ஒழித்ததை வெளியிலிருந்து மீண்டும் வரவிடலாகாது அல்லவா? வெளிநாட்டு நாய்களின் வரவைக் கட்டுப்படுத்தும் ஆணை 1897இலேயே பிறந்தது. 1901இல் அது ஆறு மாதத் தனிக்காவலாக உறுதிப்பட்டது. குவாரண்டைன் என்று இதற்கு வழங்கிய பெயர், கொள்ளைநோய்க் காலத்தில் கப்பல்களை நாற்பது நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திய இத்தாலிய வழக்கத்திலிருந்து வந்தது. தமிழருக்கும் அச்சொல் அந்நியமன்று; இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் மண்டபம் முகாமில் நாட்கணக்காக நிறுத்திவைக்கப்பட்ட காலத்தில் அது நம் கரையோரப் பேச்சிலும் புழங்கியது.

இந்தியாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பும் ஆங்கிலேயர், வளர்த்த நாயை உடன் கொண்டுசெல்ல விரும்பினால், பம்பாயிலிருந்து சூயஸ் வழியாகச் சுமார் மூன்று வாரக் கடற்பிரயாணம் இருந்தது. பிரயாணிகள் கப்பல்களில் நாய்க்கூண்டுகளைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் கப்பலின் கசாப்புக்காரரிடம் விடப்பட்டிருந்தது. இறைச்சித் துண்டுகளுக்கு அவரிடம் பஞ்சமில்லை என்பதால் அது பொருத்தமான ஏற்பாடே. எஜமானர் மேல்தட்டில் உலாவும் நேரத்தில் நாயை அங்கே கூட்டிவந்து நடத்தலாம். அந்த மூன்று வாரம் இருவருக்கும் ஒன்றாகக் கழியும். கரை வந்ததும் பிரிவு. நாய் தன் காலால் பிரிட்டிஷ் மண்ணை மிதிக்கவே கூடாது. அனுமதி பெற்ற ஏஜெண்டு கூண்டோடு அதை எடுத்துக்கொண்டு நேரே காவல் இல்லத்துக்குப் போய்விடுவார். அங்கே ஆறு மாதம், வேறு எந்த நாயையும் தொடமுடியாத தனி அறை. எஜமானர் குறித்த நேரங்களில் வந்து பார்க்கலாம், பார்த்துவிட்டுப் போகவேண்டும். இந்தச் செலவையும் மனவேதனையையும் தாங்கமாட்டாமல், சமையற்காரரிடமோ அடுத்து வரும் அதிகாரியிடமோ நாயை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியவர் எத்தனை பேரோ. அந்த நாய்களின் கதையை யாரும் எழுதிவைக்கவில்லை.

அவர்கள் விட்டுச் சென்ற இந்தியாவில் நோய் அப்படியே இருந்தது. 1900இல் இமயத்தின் அடிவாரத்துக் கசவுலியிலும், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையின் துணையால் 1907இல் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் ஸ்தாபனங்கள் திறக்கப்பட்டன. கசவுலியில் டேவிட் செம்பிள் 1911இல் வகுத்த முறைப்படி, ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரையில் நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வழக்கத்தில் இருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று என் தலைமுறைக் குழந்தைகளை மிரட்டியது அந்த மருந்துதான். தெருவில் நாய் குரைத்தால் நாங்கள் ஓடியது நாய்க்குப் பயந்தா, ஊசிக்குப் பயந்தா என்பது இன்றும் எனக்குத் தெளிவில்லை.

பிரிட்டனின் சுவரில் முதல் ஓட்டை முதல் உலக யுத்தத்தின் முடிவில் விழுந்தது. பிரான்ஸின் பதுங்குகுழிகளில் தங்களோடு மழையிலும் சேற்றிலும் கிடந்த நாய்களை விட்டுவர மனமில்லாத சிப்பாய்கள், பைகளிலும் மேலங்கிகளிலும் அவற்றை ஒளித்துவைத்துக் கொண்டுவந்தார்கள். 1918இல் பிளிமத் நகரில் வெறிநோய் தலைகாட்டியது. நாலாண்டுக் காலத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட பிராணிகளுக்குப் பரவி, மறுபடியும் வாய்ப்பூட்டும் தடையும் போட்ட பிறகே 1922இல் அடங்கியது. சட்டத்தை மீறியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு நாவெழவில்லை; ஆனால் சட்டம் வீண் என்று சொல்லவும் அதற்குப் பிறகு யாராலும் முடியவில்லை.

பணமிருந்தவர் வேறு வழி கண்டனர். 1968இல் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் படப்பிடிப்புக்காக லண்டனில் தங்கியபோது, தங்கள் நாய்கள் கரையேறாமலே இருக்கவேண்டும் என்பதற்காகத் தேம்ஸ் நதியில் ஓர் உல்லாசக் கப்பலை வாடகைக்கு எடுத்து நிறுத்தி அவற்றை அதிலேயே வைத்திருந்தார்கள்.

மறு ஆண்டில் காம்பர்லி என்ற ஊரில் நடந்த சம்பவம் நாட்டையே உலுக்கியது. ஜெர்மனியிலிருந்து ராணுவக் குடும்பம் ஒன்றோடு வந்த ஃப்ரிட்ஸ் என்ற நாய், ஆறு மாதக் காவலை ஒழுங்காகக் கழித்துவிட்டு வீடு திரும்பிய சில நாட்களில் வெறிபிடித்துக் கடித்தது. சுற்றுவட்டக் காடுகளில் நரி முதலிய பிராணிகளைத் தேடித் தேடிச் சுட்டார்கள். 1970இல் நியூமார்க்கெட்டில் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு நாய், காவலிலிருந்து வெளிவந்து மூன்று மாதம் சென்றபின் அதே நோயால் இறந்தது. ஆறு மாதம் என்ற கணக்கு, எல்லா நாயையும் கட்டுப்படுத்தும் இயற்கை நியதி அல்ல, மனிதர் போட்ட உத்தேசம் மட்டுமே என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி. ஆராயக் குழு அமைத்தார்கள். காவல் காலத்தை நீட்டிப் பார்த்துப் பிறகு பழையபடி குறைத்தார்கள். காவலில் நுழையும் நாய்க்குத் தடுப்பூசி கட்டாயமாயிற்று. 1974இல் தனிச் சட்டமே வந்தது. வேடிக்கை என்னவெனில், அதே தடுப்பூசி வெளியில் போட்டு வந்தால் மதிப்பில்லை, காவலுக்குள் போட்டால்தான் மதிப்பு என்ற நிலை அதற்குப் பிறகும் இருபத்தைந்து ஆண்டு நீடித்தது.

மாற்றம் ஐரோப்பாவின் காடுகளிலிருந்து வந்தது. 1978இல் ஸ்விட்சர்லாந்தில், ஜெனிவா ஏரியை நோக்கி நரிகள் வழியாக முன்னேறி வந்த நோயைத் தடுக்க, கோழித் தலைகளுக்குள் தடுப்புமருந்து வைத்துப் பள்ளத்தாக்கின் குறுக்கே தூவினார்கள். நரிகள் தின்றன, நோய் அவ்விடத்திலேயே நின்றது. நரியைச் சுட்டுத் தீர்க்க முயன்று ஐரோப்பா சாதிக்காததை ஒரு கோழித்தலை சாதித்தது. பல தேசங்கள் இம்முறையைக் கைக்கொள்ளவே, மேற்கு ஐரோப்பாவில் வெறிநோய் வேகமாகக் குறைந்தது. பிரிட்டனையும் பிரான்ஸையும் பிரிக்கும் கால்வாய்க்கு அடியில் சுரங்க ரயில் 1994இல் ஓடத் தொடங்கியது. ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் கவர்னராயிருந்த கிறிஸ் பாட்டன் 1997இல் திரும்பியபோது, விஸ்கி, சோடா என்ற தம் இரண்டு சிறிய நாய்களையும் காவலில் அடைக்க மனமில்லாமல் பிரான்ஸிலிருந்த தம் வீட்டுக்கு அனுப்பினார். கவர்னராயிருந்தவராலேயே தம் நாயோடு தம் தாய்நாட்டுக்குள் நுழைய முடியவில்லை என்ற செய்தி, காவல் முறையை மாற்றக் கோரி வாதாடியவர்களுக்குப் பெரிய பலமாயிற்று. 2000 பிப்ரவரி 28இல் புதிய திட்டம் அமலுக்கு வந்தது: சில்லு, ஊசி, இரத்தப் பரிசோதனை, அதன் பின் ஆறு மாதக் காத்திருப்பு. ஆறு மாதம் மாறவில்லை. ஆனால் அதைக் கம்பிக்குள் அல்லாமல் சொந்த வீட்டில், சொந்த மனிதரின் காலடியில் கழிக்கலாம் என்று ஆயிற்று. இந்தச் சிறு இடமாற்றத்தைத்தான் நான் இச்சரித்திரத்தின் மிகப் பெரிய கருணையாக மதிக்கிறேன்.

அதுவும் அப்போது நம்மவர்க்கு எட்டவில்லை. குறிப்பிட்ட சில தேசங்களுக்கே அந்தச் சலுகை. சென்னையிலிருந்து புறப்படும் நாய்க்கு 2012ஆம் ஆண்டு பிறக்கும் வரை பழைய ஆறு மாதக் காவல்தான். அந்த ஜனவரியில்தான் நம் போன்ற தேசத்து நாய்களுக்கும் மூன்று மாத வீட்டுக்காத்திருப்பு போதும் என்று விதி தளர்ந்தது. மருத்துவர் அன்று சொன்ன மூன்று மாதத்தின் வரலாறு இதுவே.

அந்த மூன்று மாதமும் பிரயாணக் கூண்டு கூடத்தின் நடுவில் கதவு திறந்தபடி கிடந்தது. நாய் அதற்குள் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருக்கவேண்டும் என்பதால் அளவெடுத்துச் செய்வித்தது. முதல் வாரம் அது அருகிலேயே போகவில்லை. என் தங்கை தன் பழைய நூல்சேலை ஒன்றை உள்ளே விரித்த பிறகு, மதியத் தூக்கத்துக்கு அதையே தேடிக்கொண்டது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நாடாப்புழு மாத்திரையை மருத்துவர் கையால் கொடுத்துத் தேதியும் மணியும் எழுதி வாங்கினார்கள். இருபத்துநாலு மணிக்குக் குறைந்தாலும் நூற்றிருபது மணிக்கு மிஞ்சினாலும் செல்லாது. மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் அதிகாரி சான்றிதழில் முத்திரை வைக்குமுன் கருவியைக் கழுத்தோரம் நகர்த்தி அந்தப் பதினைந்து இலக்கத்தையும் படித்தார்.

இந்தியாவிலிருந்து வரும் நாயைப் பிரிட்டன் விமானச் சரக்காகவே ஏற்கும். ஆகவே ஹீத்ரோவில் அது விலங்கு வரவேற்பு நிலையத்துக்குப் போயிற்று. என் தங்கை மகள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தாளாம். சுமார் நாலு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. நாய் அவளைக் கண்டும் உடனே பாய்ந்து வரவில்லை. வாசலோரம் இருந்த கிண்ணத்தின் அருகே நின்று, மூச்சு வாங்காமல் வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டு, நனைந்த மூக்கை அவள் கையில் வைத்ததாம்.